வழி விடும்மா சங்கவி

மேலவெள்ளாற்றில் சாதிச் சங்கத்து வரன் தளத்தைத் திறந்து, மகனுக்குப் பெண் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம், பொங்கல் கழிந்த வாரத்திலிருந்து, முதல் ஆளாகச் சங்கவி வந்து நின்றாள். உரக்கடை அருணகிரியின் ஒரே மகள் அவள், புரட்டாசியிலேயே செத்துப்போனவள். வயிற்று வலி தாங்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள், வீட்டில் சொன்னதையே தெருவும் சொன்னது, தெரு சொன்னதையே டாக்டரும் எழுதிக்கொடுத்தார், கலியாணமாகாத உடம்பை எரிக்கும் வழக்கமில்லை என்பதால் ஆற்றங்கரை மேட்டில் புதைத்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவள் செல்போனுக்குள் பச்சைச் சுடிதார் போட்டு, ஈரத் தலையோடு, மேலுதட்டில் பால் குடித்த வெள்ளைக் கோடு காயாமல் நின்றதைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. செத்தவள் போட்டோவை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, ஆபீசில் என்னதான் செய்கிறீர்கள் என்று சங்கத்துக்குப் போன் போட்டுத் திட்டினார்கள்.

அந்தப் போனை எடுத்தவள் தையல்நாயகி. புருஷன் லாரியில் அடிபட்டுப் போன பிறகு, நம்ம வீட்டுப் பெண் தெருவில் நிற்கக்கூடாது என்று சங்கம் பார்த்துக் கொடுத்த வேலை அவளுடையது. சங்கத்துக் கலியாண மண்டபத்தின் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், வடக்கே பார்த்த ஒரு ஜன்னல். ஊரிலும் ஊரைச் சுற்றியும் உள்ள அவர்கள் ஆட்களில் ஒரு வீடு விடாமல், கைக்குழந்தையிலிருந்து கட்டையில் போகிற கிழம் வரை, எல்லாருடைய படமும் பேரும் குலமும் அந்தத் தளத்தில் இருந்தன, முறை பார்க்க வேண்டும் அல்லவா. தேடுகிற எந்திரத்தைச் சென்னையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்துவிட்டது, ஆனால் நம் சனம் கட்டம் கட்டமாகக் குறி போட்டுத் தேடுகிற சனமில்லை, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொல்லத்தான் அதற்குத் தெரியும். சனம் எப்படியெல்லாம் கேட்கும், அப்படிக் கேட்டால் எதைத் தேட வேண்டும் என்று எந்திரத்துக்கு வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் தையல்நாயகியின் வேலை.

அவள் அதில் கெட்டிக்காரி. "நம்ம பக்கத்துப் பொண்ணா, கண்ணுக்கு நிறைஞ்சு, வாய் நீளாம, வீட்டோட இருக்கிற மாதிரி பாரு" என்று ஒருத்தி சொன்னால், நம்ம பக்கம் என்பது ஆற்றுக்கு இக்கரை, கண்ணுக்கு நிறைவு என்பது சிவந்த நிறம், வாய் நீளாதது என்பது வெளியூரில் தங்கிப் படிக்காதது, வீட்டோடு இருப்பது என்பது வேலைக்குப் போகாதது என்று அவள் எந்திரத்துக்கு எழுதிவைத்திருந்தாள். கேட்கிறவர்கள் வாயில் ஒரு சொல், மனசில் ஒரு சொல், வாயில் உள்ளதை நம்பித் தேடினால் எவனுக்கும் எவளும் அமையமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

சங்கவியின் பதிவை அவள் புரட்டாசியிலேயே எடுத்துவிட்டிருந்தாள். இப்போது மறுபடியும் தேடினாள், இல்லை. சென்னைக்குப் போன் போட்டாள், அவர்களும் தேடிவிட்டு இல்லை என்றார்கள். அந்தப் பச்சைச் சுடிதார்ப் படம் எங்கேயும் இல்லை. கேட்டால் மட்டும் வந்தது.

செயலாளர் பரமானந்தம் மாடியேறி வந்தார். மண்டபத்தையும் சங்கத்தையும் ஊர்ப் பஞ்சாயத்தையும் ஒரு கையில் வைத்திருந்த மனிதர், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டார்.

"எல்லாரும் என்ன வார்த்தை சொல்லிக் கேக்கறாங்க, தையலு?"

"அடக்கமான பொண்ணு வேணும்னு கேக்கறாங்க, ஐயா."

"அதான் விஷயம். அடக்கம் பண்ணின பொண்ணைக் கொண்டாந்து நிறுத்துது. எந்திரத்துக்கு என்ன தெரியும், அடக்கத்துக்கும் அடக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்தச் சொல்லை எடுத்துடு."

எடுத்துவிட்டாள். பணிவான பெண் என்று கேட்கச் சொல்லி எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்கள். பணிவான பெண் என்று கேட்டாலும் சங்கவி வந்தாள், படித்த பெண் என்று கேட்டாலும் வந்தாள், இரண்டாம் தாரத்துக்குக் கேட்டாலும் வந்தாள், மாப்பிள்ளை வேண்டுமென்று கேட்டவர்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றாள், மண்டபத்தில் எந்தத் தேதி காலி என்று கேட்டவனுக்கும் தேதிக்கு மேலே அவள்தான் நின்றாள், ஈரத்தலை உலராமல், உதட்டுப்பால் காயாமல்.

ஒரு மாதம் திட்டினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றிப் போவதுபோல, அவளை விரலால் மேலே தள்ளிவிட்டு அடுத்த படத்தைப் பார்த்தார்கள். அப்புறம், தள்ளும்போது ஒருத்திக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, "கொஞ்சம் வழி விடும்மா சங்கவி" என்று சொல்லிவிட்டுத் தள்ளினாள், அவள் மகனுக்கு அந்த வாரமே பெண் அமைந்தது. அந்தப் பேச்சு கிணற்றடிக்கும் ரேஷன் கடைக்கும் போனது. அதற்கப்புறம் எல்லாரும் அப்படியே சொன்னார்கள், குளித்துவிட்டுச் சொன்னார்கள், போன் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டுச் சொன்னார்கள், சுத்தமில்லாத நாளில் போனைத் தொடாமல் இருந்தார்கள். எந்திரத்துக்கு மட்டும் அந்த வாக்கியம் தெரியவில்லை. நீங்கள் கேட்டது புரியவில்லை, வேறு விதமாகக் கேளுங்கள் என்று, தையல்நாயகி எழுதிவைத்த பதிலையே அது திருப்பித் திருப்பிச் சொன்னது.

"சாமியைப் பாத்து, புரியலைங்குதே. அபச்சாரம் இல்லையா?" என்றார் பரமானந்தம். "அதையும் சேத்துடு, தையலு."

அவள் சேர்த்தாள். வழி விடும்மா சங்கவி என்று சொன்னால் முதல் படம் விலகி இரண்டாவது படம் வர வேண்டும் என்று எழுதினாள். சேர்த்த பிறகு அந்த வாக்கியத்தைத் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். சங்கவி விலகினாள். விலகும்போது அவள் முகம் தன்னைப் பார்த்தது என்று தையல்நாயகிக்குத் தோன்றியது, ஆனால் எல்லாருக்குமே அப்படித்தான் தோன்றியிருந்தது, அதனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் மண்டபத்து வாசலில் கோயில் கட்ட முடிவானது. செலவு முழுக்க என்னுடையது என்றார் அருணகிரி. மகள் செத்ததிலிருந்து கடையை விட்டு வெளியே வராதவர், இப்போது வேட்டியை மடிக்காமல், சட்டை போடாமல், நெற்றி நிறைய விபூதியோடு கொத்தனார்களுக்கு நடுவில் நின்றார். அம்மனைப் பெற்றவர் என்று பெரியவர்கள்கூட அவரைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கருவறையில் கல் வைக்கவில்லை, அவள்தான் தளத்துக்குள் இருக்கிறாளே, சுவரில் பெரிய டிவி ஒன்றைப் பதித்து, அதன்மேல் ஈரம் படக்கூடாது என்று முன்னால் ஒரு பீடம் போட்டார்கள். உதட்டில் பாலோடு நிற்கிறவளுக்குப் பால்தான் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, சனம் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து பீடத்தில் ஊற்றியது. மண்டபத்து வாசல் முழுக்கப் புளித்த பால் வாடை அடித்தது.

சங்கவியின் அம்மா செண்பகம் அங்கே வரவில்லை. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்றார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு மத்தியானம், கீழே எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, செண்பகம் மாடியேறி வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். தையல்நாயகி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்கக்கா."

"அவளைப் பாக்கணும், தையலு."

"உங்க போன்லயே வருவாளே, அக்கா."

"என் போனை அவரு வாங்கி வெச்சிருக்காரு."

தையல்நாயகி தளத்தைத் திறந்து, மைக்கை அவள் பக்கம் நகர்த்தினாள். எதைக் கேட்டாலும் வருவாள், ஏதாவது கேளுங்கள் என்றாள். செண்பகம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

சங்கவி வந்தாள். அவளுக்குக் கீழே, நீங்கள் கேட்டது புரியவில்லை, வேறு விதமாகக் கேளுங்கள் என்று எழுத்து வந்தது.

"தலையைத் துவட்டலையாடி?" என்றாள் செண்பகம். புரியவில்லை என்றது. "அம்மா மேல கோவமாடி?" என்றாள். வேறு விதமாகக் கேளுங்கள் என்றது. அந்த எழுத்தைத் தன் கையால் எழுதியவள் தையல்நாயகி. கை நீட்டித் திரையை மூடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

செண்பகம் மைக்கை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை.

"அவ அக்கரைத் தெருப் பையனோட பதிவுக் கலியாணத்துக்கு எழுதிக் குடுத்திருந்தா. ரிஜிஸ்டர் ஆபீசுப் பலகையில பேரை ஒட்டினாங்க, பாத்தவங்க வந்து அவருகிட்ட சொன்னாங்க. அன்னிக்கு மண்டபத்துல உக்காந்து பேசினாங்க, செயலாளரும் இருந்தாரு. வீட்டுக்கு வந்தவரு அவளை ஒண்ணும் சொல்லலை. அவ குளிச்சிட்டு வந்தா, எங்கிட்ட பாலைக் குடுன்னாரு. ஆத்தி வெச்சிருந்தாரு, அவரே. நான் கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்குத் தெரியாது, தையலு. கலந்தது அவரு, குடுத்தது நானு. அவ டம்ளரைப் பாக்கலை, என்னைத்தான் பாத்தா, பாத்துட்டுக் குடிச்சா. தெரிஞ்சு குடிச்சாளா, தெரியாமக் குடிச்சாளா? அதை ஒண்ணு கேக்கணும். இவங்க அவளுக்குப் பால் ஊத்தறாங்க."

தையல்நாயகிக்கு இது புதிதில்லை. யாருக்குத்தான் புதிது. பேச்சாக ஒருவரும் பேசியதில்லை என்பது ஒன்றுதான். துக்கத்துக்குப் போனபோது அந்தப் பெண்ணின் முகத்தை மஞ்சள் பூசி மறைத்திருந்ததை அவளும் பார்த்தாள், பக்கத்தில் நின்றவர்கள் பார்ப்பதையும் பார்த்தாள், ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

"அது ஏன்னு கேட்டாச் சொல்லாதுக்கா," என்றாள். "எப்படின்னு கேட்டாலும் சொல்லாது. அதுக்கு ஆளுங்களை மட்டுந்தான் தெரியும். யாருன்னு கேட்டாச் சொல்லும்."

"அப்ப யாருன்னு கேக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு," என்றாள் செண்பகம். "எல்லாரும் இருக்கறப்ப கேக்கறேன்."

அதை எழுத அவளுக்கு ஒரு வாரமாயிற்று. பெண் தேட, மாப்பிள்ளை தேட, மண்டபம் தேட எத்தனையோ வாக்கியங்களை உட்கார்ந்த இடத்திலேயே எழுதியவள், இந்த ஒன்றில் சொல் சொல்லாக நின்றாள். யார் கொன்றது என்று எழுதினாள், அடித்தாள். அப்படிக் கேட்டால் ஒருவர் படம் வரும், அதற்கு அவர் செய்யவில்லை என்று ஊரே சாட்சி சொல்லும். அவளுக்கு என்ன நடந்தது என்று எழுதினாள், அதற்கு ஆள் வராது. எல்லாச் சொல்லையும் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில், சங்கவிக்கு என்ன நடந்ததென்று யாருக்கெல்லாம் தெரியும் என்ற வாக்கியத்தில் வந்து நின்றாள். இதற்கு எந்தக் கட்டத்தில் தேட வேண்டும் என்று எந்திரத்துக்குச் சொல்லவேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். அந்தப் பெண் எங்கிருந்து வருகிறாளோ அங்கேயே போய்த் தேடட்டும் என்று நினைத்தாள். மற்ற வாக்கியங்களைப்போல அதைத் தானே சொல்லிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வேலை போகும் என்பது நிச்சயம். வேலை போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை, போகும் போகும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதிமுடித்தாள்.

கும்பாபிஷேகத்தன்று நல்ல வெயில். மேளமும் குலவையுமாக மண்டபம் கொள்ளாத கூட்டம். அம்மனைப் பெற்ற தாய் வந்துவிட்டாள் என்று சனம் ஒதுங்கி வழி விட்டது, சிலர் காலில் விழுந்தார்கள். அருணகிரி மனைவியைப் பார்த்து ஒரு கணம் நின்றார், ஆனால் கையில் குடம் இருந்தது, இத்தனை பேர் பார்க்கிறார்கள். பரமானந்தம் தாமே மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மொதல்ல நீங்க கூப்பிடுங்கம்மா. அப்புறம் நாங்க கேட்டுக்கறோம்."

செண்பகம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். "சங்கவிக்கு என்ன நடந்ததுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

மேளம் நின்றது. கருவறைத் திரையில் சங்கவி வந்தாள், யாரும் வழி விடச் சொல்லாமல் தானே விலகினாள். அவள் விலகிய இடத்தில் அருணகிரி வந்தார், தளத்துக்காக எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்து செண்பகம் வந்தாள். அடுத்து பரமானந்தம், அடுத்து டாக்டர், மண்டபத்தில் உட்கார்ந்து பேசியவர்கள், குழி வெட்டச் சொன்னவர்கள், மஞ்சள் அரைத்தவர்கள், பாயை மடித்தவர்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், அவர்கள் மருமக்கள், கலியாணக் கோலத்தில், காதுகுத்துக் கோலத்தில், பாஸ்போர்ட் அளவுப் படத்தில், ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். தையல்நாயகியும் வந்தாள், புருஷன் உயிரோடிருந்தபோது எடுத்த படத்தில், பூ வைத்து. கைக்குழந்தைகள் மட்டும் வரவில்லை. நின்றிருந்த கூட்டமெல்லாம் திரையில் தன்னைத் தேடியது, தேடியவர்களெல்லாம் கிடைத்தார்கள். படங்கள் முடிய வெகுநேரமாயிற்று. அவ்வளவு நேரமும் பீடத்திலிருந்து பால் சொட்டுகிற சத்தம் கேட்டது.

தையல்நாயகி கூட்டத்தைப் பார்த்தாள். எதையோ எதிர்பார்த்துத்தான் அந்த வாக்கியத்தை எழுதியிருந்தாள், அது இன்னதென்று அவளுக்கே தெரியாது, யாராவது ஒருவர் தலை குனிந்தால்கூடப் போதும் என்றிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தவர் பரமானந்தம்.

"பாத்தீங்களா," என்றார். "ஒருத்தர் விடாம, நம்ம சனம் அத்தனை பேரையும் அம்மன் அடையாளம் காட்டிட்டா. எல்லாரும் எம்புள்ளைங்கன்னு சொல்லிட்டா."

கூட்டம் மூச்சுவிட்டது. எங்கோ ஒரு மூலையில் குலவை கிளம்பியது, அது பரவியது, மேளம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே செண்பகம் மைக்கில் சொன்னாள், "பால்ல கலந்தது அவரு, கொண்டுபோய்க் குடுத்தது நானு." மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள், வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள், நெற்றியில் விபூதி அப்பினார்கள். "ஆத்தா எறங்கிட்டா," என்றார்கள். அருணகிரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பயந்து விழுந்தாரா, நடித்து விழுந்தாரா என்பது அவர் முகம் தரையில் இருந்ததால் தெரியவில்லை.

அன்றோடு சங்கவி தளத்தில் வருவது நின்றுபோனது. பெற்றவள் உடம்பில் இறங்கிவிட்டாள், இனி அங்கே ஏன் வருகிறாள் என்று சனம் சொன்னது. தையல்நாயகியை வேலையைவிட்டு எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவள் என்று தெரிந்ததும் பரமானந்தம் அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

செண்பகத்தைக் கருவறை வாசலில் மணை போட்டு உட்காரவைத்தார்கள். வரிசையில் நின்று, மகனுக்கு எப்போது அமையும், மருமகள் வயிற்றில் என்ன பிள்ளை என்று கேட்டார்கள். எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். பால்ல கலந்தது அவரு, கொண்டுபோய்க் குடுத்தது நானு. பால் என்றால் வளர்பிறை என்று ஒருவர் அர்த்தம் சொன்னார், கலந்தது என்றால் கலியாணம் என்று இன்னொருவர் சொன்னார், கேட்டவர்கள் மனசு குளிர்ந்து போனார்கள். ஒருநாள் அவள் மணையைவிட்டு எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள், பின்னால் மேளத்தோடு சனம் போனது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றார். அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். அவர் கற்பூரத்தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தமக்கு மாறுதல் எப்போது வரும் என்று கேட்டார்.

அன்று திரும்பி வந்த செண்பகம், மணையில் உட்காரும்போது, கூட்டத்துக்குள் நின்ற தையல்நாயகியைப் பார்த்தாள். இனி அவள் எதைச் சொன்னாலும் அது வார்த்தையாக யார் காதிலும் விழாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை தையல்நாயகி அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினாள். பஸ் ஆற்றங்கரை மேட்டைத் தாண்டியது, அக்கரைத் தெருவைத் தாண்டியது. அந்தப் பையன் வீடு பூட்டிக் கிடந்தது. அவன் எங்கே போனான், உயிரோடிருக்கிறானா என்பதெல்லாம் யாரும் யாரையும் கேட்காத கேள்விகள். திரும்பி வர இடமிருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது, ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று எழுந்து நின்று, இறங்காமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

பெரிய போலீஸ் ஆபீசில், மேலவெள்ளாற்றின் பேரையே கேள்விப்படாத ஒரு பெண் ஏட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பேரோடு, ஊரோடு, பாலோடு, மஞ்சளோடு, தான் பார்த்ததைத் தான் பார்த்ததாகவும், செண்பகம் சொன்னதைச் செண்பகம் சொன்னதாகவும், நடுவில் ஒருதரம்கூட அம்மன் என்ற சொல்லைச் சொல்லாமல். ஏட்டம்மா பேனாவைத் திறந்தாள். திறந்தவள் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நடந்து இவ்வளவு நாளாச்சு. இப்ப வந்து சொல்றீங்க. அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

சொந்தமா, பக்கத்து வீடா, தோழியா என்று அவள் கேட்கிறாள் என்பது தையல்நாயகிக்குப் புரிந்தது. அதற்கேற்ற பதிலைத் தேடினாள். வேறு எதுவும் வரவில்லை.

"தெரிஞ்சவ," என்றாள்.

ஏட்டம்மா அதை எழுதிக்கொண்டாள்.